டப்பாவுக்குள் மாட்டிய பங்காளி

நாங்கள் மலையிலிருந்து ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்கும் நாளெல்லாம் எங்கள் புளியமரத்தை உலுக்கிப் போவது பங்காளி குப்பன்தான் என்று எனக்குத் தெரியும். சாட்சிதான் இல்லை. உள்ளங்கை அளவுள்ள சின்ன கம்ப்யூட்டர் போர்டில் கேமராவை இணைத்து, பேட்டரியோடு டிபன் டப்பாவில் வைத்து மரத்தில் கட்டினேன்.

சந்தையிலிருந்து திரும்பியதும் மரத்தடியில் நின்று செல்போனில் இணைத்துப் பார்த்தேன். சாக்கும் கையுமாகக் குப்பன். முகம் தெளிவாக இருந்தது. ஆத்திரத்தில் பேட்டரி வயரைப் பிடுங்கிக்கொண்டு, டப்பாவோடு பஞ்சாயத்து பேசும் ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன்.

ஊர் கூடியது. போர்டு உயிர்பெறவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கியதில் மெமரி கார்டு கெட்டுவிட்டது.

"இன்னா தம்பி, டப்பாவுல புளிசோறு கீதா?" என்றான் குப்பன்.

சாட்சியில்லாமல் பழி சொன்னவன், பழிக்கு ஆளானவன் காலில் விழ வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். விழுந்தேன்.

இப்போதெல்லாம் போர்டை முறையாக ஷட்டவுன் செய்து, அதில் மினுக்கும் பச்சை விளக்கு ஓய்ந்த பிறகே வயரைத் தொடுகிறேன். அதற்கு முன்பே படத்தைச் செல்போனில் ஏற்றிவிடுகிறேன்.

மரம் மறுபடி காய்த்திருக்கிறது. நாளை சந்தை. "வூட்ல யாரும் இருக்க மாட்டோம்ண்ணே" என்று குப்பனிடம் நானே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.