தீபத்து நெய்யும் மூணு கலர் பூனையும்

வேங்கிக்காலில் நாங்கள் இருக்கும் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நேற்று முழுக்க அதில் பூனைப் பேச்சுதான். யாருடைய ரோஜாத் தொட்டியையோ நோண்டிவிட்டதாம். யாருடைய புது கார்மேலோ சேற்றுக்கால் வைத்துவிட்டதாம். சுவர்மேல் முள்கம்பி போடுங்கள் என்றார் ஒருவர். ஆரஞ்சுத் தோல் போட்டால் கிட்டே வராது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் படமே அனுப்பிவிட்டார்: கேட்டில் கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் பாட்டில், அதற்குள் நீலத் தண்ணீர்.

அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பூனை விஷயத்தில் எனக்கு யாரும் யோசனை சொல்ல வேண்டாம். அதில் நான் ஒன்பது வயதிலேயே பேர் வாங்கியவள்.

அப்போது எங்கள் வீடு செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருந்தது. வீடு சின்னது, தோட்டம் பெரிது. தோட்டம் என்றால் பூந்தோட்டம் இல்லை. ஒரு முருங்கை, ஒரு துணி துவைக்கும் கல், ஒரு பசு, பசுவுக்கு ஒரு கொட்டகை, கொட்டகையை ஒட்டி ஓலைச் சார்ப்பு. இத்தனைக்கும் பின்னால், மதில்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி, மலை. காலையில் பல் துலக்கும்போதும் மலை. பசு சாணி போடும்போதும் மலை. அது எங்கள் வீட்டு ஆள் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். எதுவும் சொல்லாது.

பக்கத்து வீட்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் வருஷக்கணக்காக ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தாள். காலையில் எங்கள் பசுவின் பாலை எங்களிடமே வாங்குவாள். கால் டம்ளர் அவள் காபிக்கு. மிச்சம் முழுக்க வாசலில் வரிசையாக வைத்த தட்டுகளில். சந்தில் திரியும் பூனைகள் எல்லாம் அங்கே வந்து குடிக்கும். குடித்து, மீசையைத் துடைத்து, மதில் ஏறி நேராக எங்கள் தோட்டத்துக்குள் குதிக்கும்.

“நம்ம பாலையே குடிச்சுட்டு நம்ம வீட்டுக்கே திருட வருதுங்க பாரு,” என்பார் அப்பா. கோபமா பெருமையா என்று அவர் குரலில் கண்டுபிடிக்க முடியாது.

மற்ற மாதங்களில் இது வெறும் தொல்லை. கார்த்திகை நெருங்கினால் ஆபத்து. ஏனென்றால் அப்போது அம்மா வெண்ணெய் சேர்ப்பாள்.

மலை உச்சியில் கொப்பரையில் எரியும் தீபத்துக்கு எங்கெங்கிருந்தோ நெய் வரும். கடையில் வாங்கிக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். அம்மாவுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. தன் பசு, தன் தயிர், தன் மத்து. கடைந்த வெண்ணெயைப் பானைத் தண்ணீரில் உருண்டையாக மிதக்கவிட்டு, மேலே தட்டு, தட்டின்மேல் கல். அடுப்படிச் சூட்டில் இளகிவிடும் என்று பானையைச் சார்ப்பில்தான் வைப்பாள். வாரக் கடைசியில் உருக்கிப் பித்தளைத் தூக்கில் ஊற்றுவாள். அந்த நெய்யில் முருங்கை இலை போட மாட்டாள். வாசம் பார்க்க மாட்டாள். விரலில் பட்டால் நக்காமல் புடவைத் தலைப்பில் துடைப்பாள். “தீபத்துக்குனு எடுத்தது. வீட்ல ஒருத்தரும் வாய் வைக்கக் கூடாது.” உருக்கிய பிறகு சட்டியின் அடியில் தங்கும் கசண்டுக்கும் அதே சட்டம். மற்ற நாளில் சர்க்கரை தூவி எனக்கே எனக்கு என்று வரும் அந்தப் பழுப்புத் தங்கம், கார்த்திகை நெய்யென்றால் முருங்கை வேருக்குப் போய்விடும். ஊற்றிவிட்டு வரும் வேலையும் எனக்குத்தான். எச்சிலை விழுங்கிக்கொண்டே ஊற்றுவேன்.

அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. எனக்குப் பிறகு அவள் வயிற்றில் குழந்தை தங்கவில்லை. அவளும் அப்பாவும் மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள்; சாத்துக்குடி வாங்கிவரத்தான் போகிறார்கள் என்று நான் நம்பிய காலம் அது. சந்து முழுக்கத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. வேண்டுதல் ஒன்று இருக்கிறது, நெய் கெட்டால் அது கெட்டுவிடும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. காவலுக்கு அது போதும்.

அந்த வருஷம் முதல் வாரமே பூனை பானைத் தட்டைத் தள்ளிவிட்டது. கறுப்பு, வெள்ளை, செம்மண் என்று மூன்றும் திட்டுத்திட்டாகப் படர்ந்த பூனை. நாங்கள் அதை மூணு கலர் என்றோம். அம்மா வந்து பார்த்தபோது அது பானைக்குள் தலையை விட்டிருந்தது. அம்மா அதை அடிக்கவில்லை. பிறகு அந்த வெண்ணெயை எடுத்து வீட்டுச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு, பானையைப் புளி போட்டுத் தேய்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“இன்னொரு தரம் வாய் வச்சிதுன்னா இந்த வருஷம் மலைக்கு நம்ம நெய் கிடையாது,” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

வீடு போருக்குத் தயாரானது. தீபத்துக்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து முன்கூட்டியே வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, மதில்மேல் கருவேல முள்ளை வெட்டிப் பரப்பினாள். மூணு கலர் முள்ளுக்கு நடுவே, விசேஷ வீட்டுக் கூட்டத்தில் பட்டுப்புடவைக்காரி நடப்பதுபோல, ஒன்றிலும் உரசாமல் நடந்துவந்தது. அடுத்து அப்பா, துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிச் சார்ப்பில் கட்டினார்.

“நாயே கிட்ட வராதாம். பூனை எந்த மூலைக்கு?”

மறுநாள் மத்தியானம் வெயில் பாட்டில் வழியாக இறங்கித் தரையில் ஒரு நீல வட்டம் போட்டது. அந்த வட்டத்துக்குள் சுருண்டு மூணு கலர் தூங்கியது.

“தம்பி, உன் பூனைக்குத் தலகாணி ஒண்ணு குடுடா,” என்றாள் அத்தை.

பிறகுதான் என்னைக் காவலுக்குப் போட்டார்கள். மழைக்காகப் பள்ளிக்கூடம் விட்டிருந்த நாட்கள். கையில் தென்னந்துடைப்பம், தலையில் மழைக்குக் கோணிப்பை. ராணுவத்தில் சேர்ந்தவளுக்குக்கூட அந்த மிடுக்கு வந்திருக்காது. துவைக்கும் கல்மேல் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பூனையைப் பார்த்தேன். பெரியவர்கள் மூவரும் பூனையை விரட்டினார்கள். பார்த்தது நான் ஒருத்திதான்.

பார்த்ததில் தெரிந்தது: அம்மா நெய் உருக்கும் நாளில் மூணு கலர் பானைப் பக்கம் திரும்புவதே இல்லை. முருங்கையடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் கசண்டை ஊற்றிவிட்டு நகர்ந்ததும் மண்ணோடு சேர்த்து நக்குகிறது. வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு.

அந்த ருசி எனக்குத் தெரியும். அதற்கு நானும் ஏங்கியவள்தானே.

அடுத்த தடவை சட்டி என் கைக்கு வந்ததும் பாதியை முருங்கைக்கு ஊற்றினேன். மீதியை ஒரு கொட்டாங்குச்சியில் வழித்து, வைக்கோலுக்குள் ஒளித்தேன். தினமும் காலையில், அம்மா மத்தை எடுக்கும் முன்பே, தண்ணீர் வெளியே போக மதிலடியில் விட்டிருந்த பொந்தின் ஓரம் ஒரு விரல் அளவு வைத்தேன். பானைக்கு நேர் எதிர்க்கோடி அது. மூணு கலர் வரும், தின்னும், என்னை ஒருமுறை பார்க்கும், போகும். பேச்சில்லாத ஒப்பந்தம். ஒரு விரலுக்கு ஆசைப்பட்டு என் நாக்கு தவித்த தவிப்பு அந்த மலைக்குத்தான் தெரியும். ஒரு தடவைகூட வாயில் வைக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் முதுகு நிமிர்கிறது.

பானைத் தட்டு அதன் பிறகு நகரவில்லை. தூக்கில் நெய் ஏறியது. அப்பா ரொம்பச் சந்தோஷமாகி இன்னும் இரண்டு நீலப் பாட்டில் கட்டினார். பால் வாங்க வந்த வெள்ளைக்காரம்மாவிடமும் பெருமை அடித்தார். அவள் பாட்டிலைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், “ரொம்ப அழகு,” என்றாள். எதைச் சொன்னாள் என்று தெரியவில்லை. அப்பா பாட்டிலைத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் அத்தை சீக்கிரம் எழுந்துவிட்டாள்.

“அடிப்பாவி! இன்னாடி பண்ற?” அத்தையின் குரலுக்குப் பசுவே திரும்பிப் பார்த்தது. “தீபத்து நெய்க் கசண்டைப் பூனைக்கா போடற? போச்சு, எல்லாம் போச்சு! ஏம்மா, இங்க வந்து பாரு உம் பொண்ணு பண்ண கூத்தை!”

அம்மா கையில் மத்தோடு வந்தாள். அப்பா வாயில் பிரஷ்ஷோடு வந்தார். மூணு கலர் மட்டும் நகராமல் தின்றுகொண்டிருந்தது. நான் கொட்டாங்குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். ஆனால் வாயை ஒளிக்கவில்லை.

“வீட்ல ஒருத்தரும் வாய் வைக்கக் கூடாதுனுதானே அம்மா சொன்னாங்க? பூனை என்ன நம்ம வீட்டு ஆளா?”

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறி, சட்டையெல்லாம் பற்பசை நுரை. “இவளை வக்கீலுக்குத்தான் படிக்க வைக்கணும்.”

“சிரிக்காதடா,” என்றாள் அத்தை. “இது இன்னா விளையாட்டா? எதுக்காக உருக்கற நெய்யினு தெரியுமில்ல உனக்கு?”

அப்பாவின் சிரிப்பு அங்கேயே நின்றது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பூனையைப் பார்த்தாள். அது தின்று முடித்துப் பொந்துக்குள் நுழையப் பார்த்தது. வழக்கமாக வழுக்கிக்கொண்டு போகும் இடம். அன்று வயிறு இடித்தது. பின்வாங்கி, உடம்பைச் சாய்த்து, மறுபடி முயன்றது. முடியாமல் எங்கள் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது.

“செனையா இருக்குது அண்ணி,” என்றாள் அம்மா.

அத்தை குனிந்து பூனையின் வயிற்றைப் பார்த்தாள். அம்மாவே மேலே சொன்னாள்:

“அவ சொல்றதும் சரிதான். அது நம்ம வீட்டு ஆள் இல்ல. தின்னுட்டுப் போவட்டும்.”

வழக்கு முடிந்தது. ஜெயித்தேன்! நாள் பூராவும் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிச்சுற்றி வந்தேன். பெரியவர்கள் போட்ட சட்டத்தில் ஒரு பொந்து கண்டுபிடித்து, அதன் வழியாக ஒரு பூனையைக் கடத்திவிட்ட பெருமை. அன்றிலிருந்து அம்மாவே சட்டியை முழுக்க வழிக்காமல் விட்டாள். கசண்டு முன்னைவிட ஜாஸ்தியாக வந்தது. என் வாதத்துக்குக் கிடைத்த மரியாதை அது என்று நினைத்துக்கொண்டேன்.

தீபத்துக்கு முந்தின வாரம் மூணு கலர் கொட்டகை வைக்கோலில் குட்டி போட்டது. அம்மா பால் கறக்கப் போனால் வெகுநேரம் திரும்பி வர மாட்டாள். எட்டிப் பார்த்தால், செம்பில் பால் நுரை அடங்கிக் கிடக்கும், அவள் வைக்கோல் பக்கம் குந்தியிருப்பாள்.

தீபத்தன்று காலையில் தூக்கைக் கோயிலுக்குச் சுமந்துபோனது நான்தான். கூட்டத்தில் அப்பா வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், தரவில்லை. சாயங்காலம் சந்து மொத்தமும் மொட்டை மாடிகளில் நின்றது. அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, பற்றவைக்காமல், எல்லா முகமும் உச்சியைப் பார்த்தபடி. வெளிச்சம் மங்க மங்க மலை கறுத்துக்கொண்டே வந்தது. திடீரென்று உச்சியில் ஒரு பொட்டு. பொட்டு நீண்டு நாக்கானது. அரோகரா என்று ஊரே எழும்பியது. எனக்கு அரோகரா வரவில்லை.

“எங்க நெய்! எங்க நெய்!” என்று கத்தினேன். பக்கத்து மாடியில் கைகூப்பி நின்ற வெள்ளைக்காரம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மா அகலை ஏற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். தோளில் கை போட்டாள்.

“நீ என்னடி வேண்டிக்கிட்ட?”

“குட்டிங்க எல்லாம் நம்ம வீட்லயே இருக்கணும்னு.”

“அவ்வளவுதானா?” என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். “தம்பிப் பாப்பா வேணும்னு வேண்டிக்கலயா?”

இதென்ன கேள்வி என்று இருந்தது எனக்கு. காவலில் வென்றவள், வழக்கில் வென்றவள், மலைமேல் எரியும் நெய்யைத் தலைமேல் சுமந்து போனவள்.

“எதுக்கு? அதான் நான் இருக்கேனே,” என்றேன்.

அம்மா என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். என் காதுக்கு அடியில் அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வேலூருக்குப் போகவில்லை. அடுத்த வருஷமும் அம்மா வெண்ணெய் சேர்த்தாள். அத்தை வந்து, “இந்த வருஷமாவது மலை கண்ணு தொறக்கட்டும்,” என்று ஆரம்பித்தபோது, “வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி. சும்மா, தீபத்துக்குத்தான்,” என்றாள், மத்தை நிறுத்தாமல். அந்த வீட்டில் நின்றுபோனது எது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. சாத்துக்குடி வருவதில்லை என்பதை மட்டும் கவனித்திருந்தேன். ஒரு விரல் கசண்டை எடுத்துக்கொண்டு, மூணு கலரின் மகளைத் தேடிப் பொந்துப் பக்கம் ஓடினேன்.