பதினோரு சோம்புச் செடிகள்

மளிகைக் கடையில் வாங்கிய சோம்பு முளைக்காது என்று சொன்னவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ரஞ்சன்குடிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். கரிசல் மண். மழை நின்று ஒரு மாதம் ஆனால் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும். "சோம்பெல்லாம் வடக்க வெளையற சாமான். பருத்தியும் மக்காச்சோளமும் வர்ற மண்ணுல அதெல்லாம் வராது" என்றார் என் கணவர். அந்தப் பேச்சுக்காகவே புரட்டாசிக் கடைசியில் கொல்லையில் ஒரு பாத்தி கட்டினேன்.

முந்தைய வருஷம் தொட்டியில் முளைக்க வைத்து, பிடுங்கி நட்டு, அத்தனையும் செத்தது. சோம்பு ஆழமாக வேர் விடுகிற செடி, இடம் மாற்றினால் தாங்காது என்று அப்போதுதான் புரிந்தது. இந்தத் தடவை பாத்தியிலேயே நேராக விதைத்தேன். நிழலுக்குப் பழைய நூல் புடவை ஒன்றைக் கட்டினேன். ஈரம் காயாமல் இருக்கக் கடலைத் தொலியைப் பரப்பினேன். முளைத்ததில் பதினோரு செடி தேறியது. மார்கழி பிறக்கும்போது இடுப்பு உயரம். இலையைக் கிள்ளினால் கையெல்லாம் சோம்பு வாசம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தண்ணீர்தான் வில்லங்கம். பாகம் பிரித்தபோது வீடு இரண்டானது, காடு இரண்டானது. போர்வெல், தண்ணீர்த் தொட்டி, மருந்தடிக்கிற டேங்க் மூன்றும் பொதுவில் நின்றன. பக்கத்து வீட்டில் கணவரின் அண்ணன் குடும்பம். அந்த அண்ணன் மனைவி எனக்கு ஓரகத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மார்கழிக் கடைசியில் போர் விட்டு விட்டு இறைக்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலை பாத்திக்கு ஓஸைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். தொட்டி காலி. அக்கா சோப்புப் போட்ட துணியோடு குழாயடியில் நின்றார்.

"மாட்டுக்குக் காட்டத் தண்ணி இல்ல, இவளுக்குச் சோம்பு ஒரு கேடு" என்றார், என்னைப் பார்க்காமல்.

"என் பங்குத் தண்ணியத்தான் விட்டேன். யார் வூட்டுத் தண்ணியையும் களவாடல" என்றேன் நானும், அவரைப் பார்க்காமல்.

அதோடு பேச்சு நின்றது. கூடவே சின்னச் சின்னச் சங்கதிகளும் நின்றன. பால்காரர் வந்தால் சொல்வது, தூறல் விழுந்தால் துணியை எடுக்கச் சொல்வது, களை மருந்து அடித்த டேங்கைக் கொட்டகையில் மாட்டும்போது "டேங்க்ல களை மருந்து" என்று குரல் கொடுப்பது. டேங்கைச் சுத்தமாகக் கழுவ மூன்று தண்ணீர் வேண்டும். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் அடுத்து எடுக்கிறவர் கழுவிக்கொள்வது எங்கள் இரண்டு வீட்டுப் பழக்கம். ஆனால் குரல் கொடுக்காமல் யாரும் மாட்டியதில்லை.

பொதுத் தொட்டியில் இனி ஒரு சொட்டு எடுக்கக் கூடாது என்று எனக்கு வீம்பு. அரிசி கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் என்று சேர்த்து வைத்துச் செடிக்கு ஊற்றினேன். தையில் பூத்தது. மஞ்சள் மஞ்சளாகக் குட்டிக் குடைகள். காய் முற்றினால் மாசிக் கடைசியில் சோம்பு கைக்கு வந்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பூக்காம்பெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. இலையெல்லாம் பிசுபிசுப்பு, கூடவே எறும்பு. விட்டால் ஒரு காய் மிஞ்சாது என்று பயந்துவிட்டேன்.

சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெயைக் கலந்து வைத்துவிட்டு, கொட்டகையிலிருந்து டேங்கை எடுத்துத் தோளில் மாட்டினேன். அக்கா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து டேங்கைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு சட்டியைத் தேய்க்கக் குனிந்துவிட்டார். இதுவும் இவங்க அப்பன் வீட்டுச் சீதனமா என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே போனேன். ஒன்பது செடிக்கு அடித்ததும் மருந்து தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை பாத்தியைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிழிந்து போட்ட துணி மாதிரி தண்டெல்லாம் முறுக்கிக் கிடந்தது. குடைகள் தலைகீழாகத் தொங்கின.

ராத்திரியில் அக்காதான் எதையோ ஊற்றிவிட்டார் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நடுவாசலில் நின்று கத்தினேன். "என்னப் புடிக்கலன்னா என்ன நாலு வார்த்த கேக்கணும். வாயில்லாச் செடி என்ன பண்ணுச்சு? வெஷத்த ஊத்துன கை..." சாபத்தை முடிக்க நாக்கு வரவில்லை. தெருவே எட்டிப் பார்த்தது. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

சாயங்காலம் காட்டிலிருந்து வந்த கணவர் செடியைப் பார்த்தார். டேங்கின் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இதுல என்ன கலந்த?"

"வேப்பெண்ணெய்தாங்க."

"அண்ணன் முந்தாநேத்து மக்காச்சோளத்துக்குக் களை மருந்து அடிச்சாரு. சோளத்த அது ஒண்ணும் பண்ணாது. இந்த மாதிரிச் செடில பட்டா முறுக்கிக்கும். டேங்க்க கழுவுனியா?"

நான் கழுவவில்லை. காட்டம் ஏதோ அடித்தது, வேப்பெண்ணெய் நெடி என்று நினைத்துவிட்டேன். என் கையாலேயே நான் வளர்த்ததைக் கொன்றிருக்கிறேன். அதற்குத் தெருவைக் கூட்டி அக்காவை ஏசியிருக்கிறேன்.

காலையில் குழாயடிக்குப் போனேன்.

"அக்கா, நான் பேசுனது தப்பு. டேங்க்க கழுவாம நான்தான் அடிச்சேன். மன்னிச்சுக்குங்க."

அக்கா குடத்தை இறக்கி வைத்தார். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நீ டேங்க்க எடுத்துட்டுப் போறப்பவே பாத்தேன். களை மருந்துடின்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நானா முதல்ல பேசறதுன்னு வீம்புல இருந்துட்டேன். நீ வெஷம்னு கத்துனப்ப அதான் ஒண்ணும் பேச முடியல."

சுரீரென்று கோபம் ஏறியது. ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் ஒன்பது செடி பிழைத்திருக்கும். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் கண் என் தோள் தாண்டிப் பாத்தியில் இருந்தது.

"கடைசி ரெண்டுக்கு மருந்து எட்டல போலருக்கே."

"எட்டலக்கா."

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்த இரண்டு செடிக்கும் முழுக் குடத்தையும் ஊற்றினார்.

மாசிக் கடைசியில் இரண்டு கைப்பிடி சோம்பு கிடைத்தது. ஒரு பிடியை அக்கா வீட்டு அஞ்சறைப் பெட்டியில் போட்டேன். இப்போதெல்லாம் சண்டை வந்தாலும் "டேங்க்ல களை மருந்து" என்கிற குரல் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. அன்றைக்கு அந்தக் குழாயடியில் நான் உட்கார்ந்திருந்து, டேங்கை அக்கா எடுத்துக்கொண்டு போயிருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். கூப்பிட்டிருக்க மாட்டேன். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.