நீலப் புள்ளி அட்டை

சுகப்பிரியா ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குக் கிளம்பியது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. "செவ்வாக்கெழமையா வூட்ட வுட்டுக் கெளம்புறது? டிக்கெட் போட்டவனுக்கு நாளு கெழமை இன்னா தெரியும்," என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டி தூக்க ஒரு கை கொடுத்தாள் வீட்டுக்காரம்மா சந்திரம்மாள். முன்பே அங்கே வெல்டர் வேலைக்குப் போய்விட்ட கணவன் வேல்ராஜிடம் போகிறாள் சுகப்பிரியா. சுங்குவார்சத்திரத்து வாடகை அறையில் அவளோடு நான்கு வருடம் இருந்த பேச்சிக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். கார் ஒரு பக்கம் போனது, கம்பெனி பஸ் இன்னொரு பக்கம்.

இருவரும் திருநெல்வேலிப் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் பேக்கிங் லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். பேச்சியின் மீன் குழம்பு இருந்தால் சுகப்பிரியாவுக்குப் பழைய சோறும் இறங்கும். இல்லையென்றால் கேன்டீன் பிரியாணியும் இறங்காது. அங்கே போய் என்ன சாப்பிடுவாள் என்பதே பேச்சியின் கவலை. பயணத்துக்கு முந்தின வாரமே மொட்டை மாடியில் மிளகாயும் மல்லியும் காயவைத்து, மீன் குழம்புப் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி என்று மூன்று திரித்தாள்.

கட்டும்போது கை தன் பழக்கத்துக்குப் போனது. ஓரம் கோணியதால் கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளி நிறப் பேக்கிங் பைகளை சூப்பர்வைசர் தசரதனிடம் கேட்டு வாங்கியிருந்தாள். உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், மேலே இங்கிலீஷில் 'தின்னாதே' என்ற அச்சோடு. கூடவே மூன்று நீலப் புள்ளிகள் உள்ள அட்டை. ஈரம் ஏறினால் புள்ளி சிவக்கும். இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டித் தேதியும் எழுதி, சுகப்பிரியாவின் பெட்டியில் வைத்தாள். அவள் கட்டிய சரக்கு இதுவரை திரும்பி வந்ததில்லை.

கிளம்பிய மறுநாள் பெர்த் விமான நிலையத்திலிருந்து சுகப்பிரியாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ஏட்டி, சாப்பாட்டுச் சாமான்னுதான் எழுதிக் குடுத்தேன். தின்னாதேன்னு போட்டிருக்கே, இது மெஷின் சாமானான்னு செக்கிங்ல கேக்காவ. பிரிக்கப் போறாவளாம்."

அப்புறம், வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி. பொடியைப் பற்றி ஒன்றுமில்லை. பேச்சியும் கேட்கவில்லை. தன் கைப்பழக்கமே அவளைப் பட்டினி போட்டதோ என்ற கூச்சம் நாக்கைக் கட்டியது. தீபாவளிக்கு வாழ்த்து, பொங்கலுக்கு வாழ்த்து. அவ்வளவுதான்.

ஆனால் ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் கண் செருகும்போதெல்லாம் அந்தப் பைகள் கனவில் வரும். இருங்காட்டுக்கோட்டை தாண்டும்போது, ஆளில்லாத விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் ரப்பர் பட்டை சுற்றிக்கொண்டிருக்கும். அதில் மூன்று வெள்ளிப் பைகள், மீன்களைப் போல, சுற்றிச் சுற்றி வரும். எடுக்க யாருமில்லை. எட்டிப் பார்ப்பாள். புள்ளி நீலமா சிவப்பா என்று தெரிவதற்குள் பஸ் பிரேக் போடும்.

ஒன்றரை வருடம் கழித்து, டீ பிரேக்குக்கு வெளியே வந்து போனை எடுத்தபோது ஒரு படம் இருந்தது: அட்டை, மூன்று சிவந்த புள்ளிகள், பக்கத்தில் கொதிக்கும் சட்டி. கீழே சுகப்பிரியா எழுதியிருந்தாள்:

"ரெண்டு பையப் பிரிச்சுக் குப்பைல போட்டுட்டாவ. நீ அழுவியேன்னு சொல்லல. மீன் கொழம்புப் பொடிய மட்டும், நீலம்னா நல்லாருக்குன்னு அர்த்தம்னு அட்டையக் காமிச்சு வாங்கிட்டேன். தொறந்தா தீந்துருமேன்னு வச்சே இருந்தேன். இன்னைக்குப் பாத்தா செவந்துட்டு. கெட்டுப்போறதுக்கு முந்தி அடுப்புல ஏத்திட்டேன். மீன் எப்பம் போடணும்? சீக்கிரம் சொல்லுட்டி."