நோயாளிப் பட்டியலில் சுருக்கக்கா

துணியில் மட்டுமல்ல, ஆளின் மேல் கிடக்கும் சட்டையில் சுருக்கம் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இராது. பேசிக்கொண்டே எதிரில் நிற்பவரின் காலரை நீவிவிடுவார். துணி தேய்க்கும் கடைக்காரருக்குச் சுருக்கக்கா என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பெற்றோர் வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

பதினேழு வயதில் எங்கள் பங்குக் கோயிலின் இளையோர் இயக்கத்தில் சேர்ந்தவர், விலக மறந்துபோனார். இடையில் அவர் அம்மா ஆறு ஆண்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். படுத்திருப்பவருக்குத் தலை அலசும் விதத்தை அப்போதுதான் கற்றார். கழுத்துக்கடியில் சுருட்டிய துண்டு, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, விரிப்பின் நுனி கீழே வாளிக்குள். காதில் பஞ்சு. தண்ணீரை முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். அம்மா போன பிறகு அந்த விரிப்பைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இயக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சனிக்கிழமை நான்கு மணிக்கு, எழ முடியாதவர்களின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். தலை அலசி, நகம் வெட்டி, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வருவார்கள். இப்படிப் பதினான்கு வருடம்.

புதிதாக வந்த பங்குத்தந்தை ஒழுங்கு பார்ப்பவர்.

"இளையோர்னா முப்பது வரைக்கும்தான்மா. உங்களுக்கு?"

"நாப்பத்தொண்ணு, ஃபாதர்."

"பெரியவங்க கூட இருந்தா பிள்ளைங்க பொறுப்பெடுக்க மாட்டாங்க. தப்பா நினைக்காதீங்க."

"சரிங்க ஃபாதர்." அவருடைய அங்கியின் கையில் ஒரு மடிப்பு கோணலாகக் கிடந்தது. சுருக்கக்கா கையை நீட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்குப் பிள்ளைகளின் சைக்கிள்கள் கடையைத் தாண்டிப் போயின. உள்ளே சுருக்கக்கா ஒரே தலையணை உறையை மூன்று முறை தேய்த்தார். ஆறு மணிக்கு, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண், இயக்கத்தின் செயலாளர், வந்து நின்றாள்.

"டீச்சரம்மாவுக்குத் தலை அலசினது எப்படிடி?"

"படுக்கையில ஒரு சொட்டு தண்ணி விழலக்கா."

"நல்லது" என்றார். சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்ற சந்தோஷம்தான். ஆனால் தான் இல்லாமலும் நடக்கிறது. இனி பங்கில் தனக்கு என்ன இடம்? முகத்தை மறைக்க இஸ்திரிப் பெட்டியின் பக்கம் குனிந்துகொண்டார்.

செயலாளர் அதைப் பார்த்துவிட்டாள். பார்க்க வேண்டிய நோயாளிகளின் நோட்டு அவள் பையில்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் கடைசி வரியில் ஒரு பெயரைச் சேர்த்தாள். அந்த நோட்டு வியாழக்கிழமைதோறும் பங்குத்தந்தையின் மேசைக்குப் போகும் என்பதை மறந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு, நோயாளியின் நெற்றியில் ஜெபித்துப் பூசும் எண்ணெயோடு பங்குத்தந்தை கடைக்குள் நுழைந்தார். சுருக்கக்கா ஒரு பேண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்திருப்பீங்கன்னு நினைச்சேன்!"

"நான் படுத்துட்டா இதையெல்லாம் யாரு தேய்க்கிறது?"

"நோயாளி நோட்டுல உங்க பேரு இருக்கேம்மா. என்ன வியாதி?"

இது யார் செய்த வேலை என்று சுருக்கக்காவுக்குப் புரிந்தது.

"வயசுதான், ஃபாதர். நாப்பத்தொண்ணு. ரெண்டு வாரம் முன்னாடிதான் கண்டுபிடிச்சாங்க."

பங்குத்தந்தை எண்ணெய்க் குப்பியைப் பையில் போட்டார். அதற்குள் வாளியும் விரிப்புமாகப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தான் எழுதினேன், ஃபாதர். வர முடியாதவங்களைத்தானே நாம போய்ப் பாக்குறோம்? அக்காவை நீங்க வர வேணாம்னுட்டீங்க."

அவள் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேசையைத் துடைத்தாள்.

"ஏறிப் படுங்கக்கா."

"எனக்கெதுக்குடி? கையும் காலும் நல்லாத்தானே இருக்கு!"

"நோயாளி வாயாடக் கூடாது."

படுத்தார். அம்மாவுக்குப் பின் எத்தனையோ தலைகள். தன் தலையை யாரிடமும் கொடுத்ததில்லை.

"முழங்கையில பாத்தியா?"

"பாத்தாச்சு. கண்ணை மூடுங்க. ஃபாதர், சும்மாதானே நிக்கிறீங்க, அந்த நுனியைப் பிடிங்க!"

பிடித்தார். பிடிக்கத் தெரியவில்லை. பாதித் தண்ணீர் வாளிக்கும் மீதி அங்கிக்கும் போனது.

"நனைஞ்சிடுச்சா?" கண்ணைத் திறக்காமலே சுருக்கக்கா கேட்டார். "குடுத்தனுப்புங்க ஃபாதர், தேய்ச்சு வைக்கிறேன்."

"அடுத்த சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றார் அவர். "நாலு மணிக்கு முன்னாடியே வந்துடறேன். அப்புறம் நீங்க டீச்சரம்மா வீட்டுக்குக் கிளம்பணுமே."

சுருக்கக்கா ஈரக் கையை நீட்டித் தடவிப் பார்த்து, அவர் அங்கியின் கையிலிருந்த மடிப்பை நேராக்கினார்.