படாரும் யாரும் திறக்காத ஃபோல்டரும்

என் தங்கை வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் படார் என்று பெயர். மனதில் பட்டதைப் படாரென்று சொல்லிவிடுவார், அதனால். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, டீ எப்படி இருக்கிறது என்று அம்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். ஆறிப்போயிருக்கிறது, சர்க்கரையும் கூடுதல் என்றார். நானாக இருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். என் தங்கை அன்றே அவர்மேல் பைத்தியமாகிவிட்டாள். தலையெழுத்து, வேறென்ன சொல்ல.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவர் தொழில். கை சுத்தம், வேலை சுத்தம், வாய்தான் வம்பு. ஒரு அச்சக முதலாளியிடம், மெஷினில் கோளாறு இல்லை, நீங்கள் கீபோர்டு மேல் வைத்துச் சாப்பிடுவதுதான் கோளாறு என்று சொல்லி அந்த வாடிக்கையைத் தொலைத்தார். ஒரு பல் டாக்டரிடம் இதைவிட மோசமாக ஏதோ சொன்னாராம். என்னவென்று தங்கை இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மிஞ்சிய ஒரே நிலையான இடம் நான் பில் போடுகிற அலுவலகம்தான். தண்ணீர்க் குழாயும் மோட்டாரும் மொத்தமாக விற்கிற கம்பெனி. கெஞ்சிக் கூத்தாடி அவரை உள்ளே கொண்டுவந்ததே நான்தான்.

அதற்கும் ஆபத்து வந்தது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பில்லுக்கு வந்தவர்கள் என்னை முறைத்துக்கொண்டு நிற்பார்கள், ஏதோ நான்தான் அதைச் சுற்றிவிட்டேன் என்பதுபோல. மாலையில் அணைப்பது அதைவிடக் கொடுமை. திரை கறுக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடம்பிடிக்கும் குழந்தையைத் தூங்கவைக்கிறவர்கள் மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். படார் வந்து வந்து தூசு தட்டிப் பார்த்தும் சரியாகவில்லை. மாடியில் இருக்கும் முதலாளி பொறுமை இழந்து, இந்த மாதத்தோடு வேறு ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மேனேஜர்தான் கடைசியாக ஒருமுறை அவரைக் கூப்பிட்டார்.

அவர் வருவதற்கு முதல் நாளே நான் பாடம் நடத்தினேன். காரணம் எதுவாக இருந்தாலும் யார் தலையிலும் போடக் கூடாது, வைரஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். தலையை நன்றாகத்தான் ஆட்டினார்.

"வைரஸா இருந்தா சொல்றேன் அக்கா."

இந்த மனுஷனோடு என்ன பேசுவது?

மறுநாள் என் மேஜையில் ஆரம்பித்தார். முதல் வேலையாக நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு மெஷினைப் போட்டார். கம்ப்யூட்டர் துள்ளி எழுந்தது. வயரைச் செருகிவிட்டுப் போட்டார். அதே சுற்றல். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, வயர் வழியாக ஏதோ பெரிய சுமை வருகிறது என்றார்.

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஆளுக்கு ஒன்று வைத்திருந்தபோது தினம் யாராவது மறந்துபோய்க் கூச்சல் போட்டதால், மேனேஜர் தன்னுடையதையே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அந்தப் பெயரில் யார் எதைத் திரையில் வைத்தாலும் சர்வர் என்கிற பொதுக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். காலையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அத்தனையையும் அங்கிருந்து இழுத்துக்கொண்டு வரும், மாலையில் திருப்பிக் கொண்டுபோய் வைக்கும். திரை ஓரத்தில் 'திறக்கக் கூடாது' என்று ஒரு ஃபோல்டர் நெடுநாளாக இருந்தது. மேனேஜருடையதாக இருக்கும் என்று யாரும் அதன் பக்கமே போனதில்லை. அவ்வளவு நல்ல பிள்ளைகள் நாங்கள்.

படார் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காக வீடியோ. ஒன்றைத் தட்டினால் எங்கள் மேனேஜர். எல்லோரும் போன பிறகு தன் கண்ணாடி அறையில் அவரே எடுத்தது. கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்து, "ஐயா, வணக்கம். உங்க நேரத்தை எடுத்துக்கிறதுக்கு மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முதலாளியின் உடம்பு, கம்பெனியின் பெருமை, வெயில், மழை எல்லாம் விசாரித்துவிட்டு ஒருவழியாக, "நம்ம ஆளுங்களுக்குச் சனிக்கிழமை அரை நாள்..." என்று வந்து, நாக்கு குழறி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிறுத்தினார். அடுத்த வீடியோவிலும் இதே கதை. அதற்கடுத்ததிலும் இதே.

சனிக்கிழமை அரை நாள் கேட்டு நாங்கள் அவரை நச்சரிக்காத வாரம் கிடையாது. கேட்கிறேன் என்பார், கேட்கமாட்டார். தொடைநடுங்கி என்று சாப்பாட்டு நேரத்தில் அவர் தலையைத்தான் உருட்டுவோம். எங்களுக்காக அவர் பார்த்த ஒத்திகைதான் தினமும் எங்கள் கம்ப்யூட்டரை உட்காரவைத்திருக்கிறது. என் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. பாவமாக இருந்தது.

அதற்குள் மேனேஜரே வந்து நின்று, எல்லோர் முன்னாலும், என்ன காரணம் என்று கேட்டார். நான் கண்ணாலேயே வைரஸ் என்றேன். படார் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, அறைக்குள் வந்து சொல்கிறேன் என்றார். அவர் ஒரு வார்த்தையை விழுங்கி நான் பார்த்தது அன்றுதான்.

நானும் பின்னாலேயே ஓடினேன். ஃபோல்டரை அங்கிருந்து எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று படார் சொன்னதும் மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. அது தன் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது என்றே நினைத்திருக்கிறார், பாவம்.

"பார்த்தீங்களா?"

இல்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் படார் முந்திக்கொண்டார்.

"பார்த்தோம் சார்."

 மேனேஜர் மெதுவாக, "எப்படி இருக்கு?" என்றார்.

நான் படாரின் காலை ஓங்கி மிதித்தேன். பலனில்லை.

"கடைசி வரி மட்டும் போதும் சார். அது வர்றதுக்குள்ள முதலாளி தூங்கிடுவாரு."

போச்சு, எல்லாம் போச்சு. தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். மேனேஜர் எங்களைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. சனிக்கிழமையைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் முதலாளி. எனக்கு வந்தது பாருங்கள் கோபம். இவ்வளவு ஒத்திகைக்கும் கிடைத்தது இதுதானா?

மேனேஜர் படாரைப் பார்த்தார்.

"அப்படியே நின்னுட்டிருந்தேனா, உங்களை மாத்த வேணாம்னும் கேட்டுட்டேன். அதுக்கு உடனே சரின்னுட்டாரு."

 நன்றி சொல்லுங்கள் என்று படாரை முழங்கையால் இடித்தேன். அவரோ, அதையாவது கோர்வையாகச் சொன்னீர்களா என்று கேட்டார்.

"எங்கங்க, அதுக்கு ஒத்திகையா பார்த்தேன்?" என்றார் மேனேஜர். "உளறிக் கொட்டினேன்."