வீட்டுக்கு எடுத்துப்போன கத்தி

கத்தி வாங்க ஆலோசனை சொல்வதற்கு உலகத்தில் இத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஐம்பத்து நாலு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. செல்போனைத் தடவினால் தாடி வைத்த ஒருவன் வருகிறான். கையுறை மாட்டிக்கொள்கிறான். ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, சர்ரென்று வகுந்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். பெரிய சாதனை! தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ளச் சின்னக் கத்தி என்று அவன் காட்டுவதற்கு முதுகுப் பக்கம் ரம்பப் பல் இருக்கிறது, பிடிக்குள்ளே திசைகாட்டி இருக்கிறது, நெருப்பு மூட்ட ஒரு குச்சி இருக்கிறது. ராயபுரத்தில் நெருப்பு வேண்டுமென்றால் எந்தப் பெட்டிக்கடையிலும் லைட்டர் கயிற்றில் தொங்கும். திசை தெரியாவிட்டால் மணலி ரிஃபைனரி நாற்றம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மோந்து பார்த்தால் போதும்.

நான் திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். கண்டெய்னரின் சீல் முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்ததும் கஸ்டம்ஸ்காரர் விரல் நீட்டுகிற பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும். அவர் பார்த்து முடித்ததும் மறுபடி ஒட்டிக் கட்ட வேண்டும். நாள் முழுக்க அறுப்புதான். பிளாஸ்டிக் பட்டை, சணல் தையல், நைலான் கயிறு. இத்தனைக்கும் யார்டில் கொடுப்பது, தள்ளித் தள்ளி நீட்டுகிற கட்டர். பென்சில் சீவவே லாயக்கில்லாத சாமான். பட்டை இறுக்கமாக இருந்தால் பட்டென்று ஒடிந்து பறக்கும். அப்படிப் பறந்த துண்டு ஒருநாள் என் ஜோடிக்காரனின் கண்ணுக்குக் கீழே குத்தியது. அரை அங்குலம் மேலே போயிருந்தால் கண்ணே போயிருக்கும்.

ஜோடிக்காரன் என்றால், பத்து வருஷமாக என்னோடு சேர்ந்து பெட்டி பிரிக்கிறவன். வியாசர்பாடி ஹவுசிங்போர்டில் வீடு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், என்னைவிட நல்ல வேலைக்காரன். அப்போது அவனுக்கு ஒரு நல்ல காலம் வந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்குள்ளே கிரேனுக்குக் கை காட்டுகிற வேலைக்கு அவனை எடுக்கத் தயாராக இருந்தார்கள். நிரந்தர வேலை. உள்ளே போக பாஸ் வேண்டும்; பாஸ் தருவதற்கு முன்னால் போலீஸ் விசாரித்து, இவன்மேல் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு காகிதம்தான் பாக்கி. அவன் மனைவி அதை அக்கம்பக்கத்தில் சொல்லக்கூட விடவில்லை, கண் பட்டுவிடுமாம்.

அவன் கன்னத்துக் காயத்தைப் பார்த்த பிறகுதான் நான் கத்தி தேட ஆரம்பித்தேன். மடக்குக் கத்தியை எடுத்த எடுப்பிலேயே தள்ளினேன். ஒரு கையால் பெட்டியைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் மட்டும் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் அந்தத் தாடிக்காரனை! கொஞ்ச நாளில் மடங்குகிற இடத்தில் உப்பும் தூசியும் ஏறிக்கொள்ளும். அப்புறம் அது நம் சொல் கேட்காது. மடங்காத கத்திதான் சரி. அலகு என் நடுவிரல் நீளத்துக்கு மேல் கூடாது. நீண்டால் அட்டையோடு சேர்த்து உள்ளே இருக்கிற துணியையும் கிழிக்கும். நுனி மழுங்கலாக இருக்க வேண்டும். அலகின் இரும்பே பிடியின் கடைசி வரைக்கும் ஓட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அவனுக்கு நாற்பது நிமிஷ வீடியோ.

காசிமேட்டில் வலையும் கயிறும் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி தென்காசிப் பக்கத்துக்காரர். பளபளவென்று ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார். “இதப் பாருங்க, ஃபாரின் மாடலு. போட்டுக்காரப் பயலுவ எல்லாம் இதத்தான் கேக்கானுவ.”

“கேக்கறவனுக்கு அதக் குடு அண்ணாச்சி. கயிறு அறுக்கறவன் வாங்கறத எனக்கு எடு” என்றேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழ்த்தட்டிலிருந்து ஆரஞ்சுப் பிடி போட்ட குட்டைக் கத்தியை எடுத்தார். உறையும் இருந்தது. அங்கேயே ஒரு துண்டு நைலான் கயிற்றை அறுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பு. எனக்கொன்று, அவனுக்கொன்று என்று இரண்டு வாங்கினேன். அண்ணாச்சிக்குக் கத்தியைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வந்தவன் மாதிரி அன்றைக்கு நடந்தேன்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரக்கட்டை கிடக்கும். ஷிப்டு முடிந்ததும் அவனவன் கத்தியை அதில் குத்திவிட்டுத்தான் வெளியே போவான். எவன் கத்தியும் வீட்டுக்குப் போகாது. நிர்வாகம் போட்ட சட்டம் இல்லை. ரோட்டில் போலீஸ்காரர்கள் சோதனை போடுகிறார்களே, அந்தப் பயத்தில் யாரோ ஆரம்பித்தது. எனக்கு அந்தக் கட்டையைப் பார்த்தாலே எரிச்சல். உழைக்கிறவனுக்கு என்ன பயம்? அதுவும் புதுக் கத்தியைக் குத்திவிட்டுப் போனால் காலையில் இருக்குமா? நான் இடுப்பில் சொருகிக்கொண்டேன். ஜோடிக்காரன் தன் புதுக் கத்தியோடு கட்டைப் பக்கம் போனான்.

“இன்னாடா, வாங்கின அன்னிக்கே தானம் பண்ணப் போறியா?”

“வேணாண்ணே. பாஸுக்கு எப்ப வேணா விசாரிக்க வருவாங்க. இந்த டைம்ல இத்த வெச்சிகினு சுத்துனா பேஜாராயிடும்.”

“கொத்தனாரு கரண்டியோட வூட்டுக்குப் போவல? அது மாரி இதுவும் தொழில் சாமான்தான்டா. இவ்ளோ பயந்தவன் நாளைக்கு எப்டிடா கிரேன் கீழ நிப்ப?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சட்டையைத் தூக்கி உறையைச் சொருகிக்கொண்டான்.

நாலாம் நாள், காலை ஷிப்டு முடிந்து மத்தியானம் என் வண்டியில் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தோம். வழியில் சோதனை. என் மகன் வயசுகூட இருக்காது அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு. இடுப்பைத் தடவிய காவலர் கையில் இரண்டு கத்தியும் வந்தன. ஒரே கடை, ஒரே ஆரஞ்சுப் பிடி.

“வீடு எங்க சார்?” என்று சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். என் நரைத்த தலைக்கும் கண்ணாடிக்கும் கிடைத்த சார் அது.

“ராயபுரம் சார்.”

“டேய், உனக்கு?”

“வியாசர்பாடி சார்.”

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. “எவனைப் போடக் கிளம்பின?” என்றார். மழுங்கின நுனியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்டார், மகா அறிவாளி.

“தொழில் சாமான் சார். யார்டுல பொட்டி பிரிக்கிறோம்” என்றான் அவன்.

“என்கூட வேலை செய்றவன் சார். நல்ல பையன்” என்றேன் நான்.

“நல்ல பையனுக்கு இடுப்புல எதுக்குக் கத்தி? யார்ரா குடுத்தது?”

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்லட்டும் என்று எனக்கு விட்டுவிட்டான். ‘நான்தான் வாங்கிக் குடுத்தேன், வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னதும் நான்தான்.’ இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் பயந்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது, பயந்தேன். கட்டையைப் பார்த்து எரிச்சல்பட்ட பெரிய மனுஷன், அவன் பார்வைக்குத் தப்பி ரோட்டில் போகிற டேங்கர் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நீங்க கிளம்புங்க சார்” என்று என் கத்தியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “பாத்து வெச்சிக்கங்க.” அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

யார்டுக்கு ஓடி, இவன் எங்கள் ஆள்தான் என்று மேனேஜரிடம் கடிதம் வாங்கி, அதை அவன் மனைவியிடம் கொடுத்து அனுப்பினேன். நான் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற டீக்கடை வரைக்கும் போனேன். ஒரு டீ சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் விட்டுவிட்டார்கள். கேஸ் இல்லை. ஆனால் போட்டோ பிடித்து, கைரேகை எடுத்து, ஒரு நோட்டில் பெயரை எழுதிக்கொண்டார்கள். பாஸுக்கு விசாரித்தபோது அந்த நோட்டைத்தான் பார்த்திருக்கிறார்கள். பரிந்துரைக்க இயலாது என்று ஒரே வரி வந்தது. கிரேனுக்குக் கை காட்ட வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

அவன் மறுபடி என்னோடு பெட்டி பிரிக்க வந்தான். ஒரு மாசம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் ஓயாமல் பேசினேன். போலீஸ்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஏரியா பேரைக் கேட்டே ஆளை எடைபோடுகிற ஜென்மங்கள் என்றேன். வழக்குப் போடலாம், மனுக் கொடுக்கலாம், நான் வருகிறேன் என்றேன். ஒருநாள் அப்படித் திட்டிக்கொண்டிருக்கும்போது அவன் பட்டை அறுப்பதை நிறுத்தினான்.

“ஒண்ணு கேக்கவாண்ணே? அன்னிக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன்னு நீ சொல்லியிருந்தா, உன்ன இன்னா பண்ணிருப்பாங்க?”

யோசிக்க வேண்டிய கேள்வியே இல்லை. ஆனாலும் நான் யோசிக்கிற மாதிரி நின்றேன்.

“ஒண்ணும் பண்ணிருக்க மாட்டாங்கடா” என்றேன்.

“அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த பெட்டியை இறக்கப் போனான்.