பின்சீட்டில் ஒரு டென்னிஸ் மட்டை

அந்த மட்டை எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பள்ளிக்கூடம் இன்னும் பிடித்திருந்தது. அவ்வளவு பழைய கதை இது.

அப்பா பிரிக்பீல்ட்ஸில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் செக் நாட்டு டென்னிஸ் வீரர் ஒருவரை ஹோட்டலிலிருந்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். இங்கே ஆட வந்து முதல் சுற்றிலேயே தோற்றுப்போனவர். அவர் இறங்கிப் போன பிறகு பார்த்தால், பின்சீட்டின் நடுவில் மட்டை இருந்தது. பெயர் எழுதிய உறையின் ஜிப் முழுதாக மூடி, கைப்பிடி கதவைப் பார்க்க, நேராக. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நுழைவாயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

“என்னைய அடையாளம் தெரியல போல,” என்றார் அப்பா வீட்டில்.

“ஹோட்டல்ல குடுத்துட்டு வாங்களேன்,” என்றாள் அம்மா.

“குடுத்தா மூலைல போட்டுருவாங்க லா. அடுத்த வருஷம் ஆட வருவாருல்ல, நம்மளே கையில குடுத்துரலாம்.”

அடுத்த வருடம் அவர் வரவில்லை. அவர் பெயரே எங்கும் காணவில்லை. அதுவரை கால்பந்து தவிர வேறெதையும் பார்க்காத அப்பா, பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் டென்னிஸ் முடிவுகளைப் பொடி எழுத்தில் தேட ஆரம்பித்தார். வண்டியில் ஏறும் வெள்ளைக்காரர்களிடமெல்லாம் விசாரித்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்பாவைக் கிண்டல் செய்யவே எங்கள் வீட்டுக்கு வருபவர். “ஒங்க ஆளு கடைய மூடிட்டான் போல மச்சான்,” என்பார்.

பிறகு ஒருநாள் அந்தப் பெயர் வந்தது. எங்கோ ஒரு சின்ன ஊரில் ஆடி, முதல் சுற்றில் தோற்றிருந்தார். அன்று அப்பா மாமாவையும் சேர்த்து எல்லோருக்கும் தோசை வாங்கிவந்தார்.

“தோத்ததுக்கா மச்சான் தோச?”

“ஆடுனதுக்கு,” என்றார் அப்பா.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் பெரிய காரியம். டாக்சியைக் கழுவி, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ஜாக்கி, ஸ்பானர், அம்மாவின் தையல் மெஷின், என் பாடப் புத்தகங்கள் எல்லாம் வரிசையில் இருக்கும். அந்த வரிசையில் மட்டையும் சேர்ந்தது. அப்பா உறையைக் கழற்றி, மட்டையின் விளிம்பில் சந்தனம் தடவி, குங்குமம் வைப்பார். அவர் கை கொஞ்சம் தாராளம். வழிந்த சந்தனம் வலையில் காய்ந்து கெட்டியாகிவிடும். அதைத் துடைக்கக் கூடாது என்பது சட்டம்.

அந்த வீரரின் விளையாட்டு வாழ்க்கையை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம், பொடி எழுத்திலும் சந்தனத்திலுமாக. பெரும்பாலும் தோற்றார். ஒருமுறை அரையிறுதி வரை போனார், மாமா ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தோள்பட்டையில் ஆபரேஷன் ஆயிற்று. கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது, ஓய்வு பெற்றுவிட்டார் என்று.

அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். “இனிமே வர மாட்டாரு. எப்படிக் குடுக்கறது?”

அந்த வருடப் பூஜையில் அம்மா கேட்டே விட்டாள். “அவரே தொழில விட்டுட்டாரு. இன்னும் இதுக்கு எதுக்குங்க பூச?”

“அவரு விட்டாரு. சாமான் என்ன பண்ணுச்சு?”

நான் இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது பத்திரிகையில் ஒரு படம் வந்தது. போட்டிக்காக வந்திறங்கிய ஓர் இளம் வீரன், பக்கத்தில் அவனுடைய பயிற்சியாளர். தலை நரைத்திருந்தாலும் அப்பாவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. மறுநாள் டாக்சியைக் கழுவி, மொழிபெயர்க்க என்னையும் ஏற்றிக்கொண்டார். அரங்கத்தின் வாசலில் காவலர் எங்களை உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றோம். “ஒளிச்சு வெக்காத, தூக்கிப் பிடி,” என்றார் அப்பா. மட்டையைக் கொடி மாதிரித் தூக்கிப் பிடித்தேன்.

பயிற்சியாளர் வெளியே வந்தார். மட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. யாரோ தன்னைப் பிடித்துவிட்டதைப் போல இருந்தது எனக்கு. உறையைத் திறந்தார். அடுக்கடுக்காகக் காய்ந்த சந்தனத்தை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு வருடமுமா என்றார். ஆமாம் என்றேன். ஏன் என்றார்.

அதை அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னை நம்பாமல் தானே பதில் சொன்னார். “யுவர் வொர்க், சார்.”

அவ்வளவு உயரமான மனிதர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாக, நான் புரிந்துகொள்ளும்படி பேசினார். நான் அப்படியே சொன்னேன்: “அன்னைக்கு ஏர்போர்ட்ல கண்ணாடி வழியா உங்களப் பாத்தாராம்பா. நல்லாவே அடையாளம் தெரிஞ்சுச்சாம்.”

அப்பா தலையாட்டினார். “அவசரமா இருந்திருப்பாருன்னு சொல்லு.”

சொன்னேன். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மட்டையைத் துடைக்காமல் உறையில் போட்டார். ஹோட்டல் வரை எங்கள் வண்டியிலேயே, அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் இறங்கிய பிறகு அப்பா பின்சீட்டை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

“பாத்திருந்தா ஏம்ப்பா திரும்பி வரல?” என்று கேட்டேன்.

“நீ சீட் பெல்ட்டப் போடு.”

நான் படிப்பைப் பாதியில் விட்டேன். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பல வேலைகளை விட்டேன். கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையை விட்ட நாளில், ஏப்ரனை நன்றாக மடித்து, நாற்காலியின் நடுவில் நேராக வைத்துவிட்டு வெளியே வந்தேன். முதலாளியம்மா பின்னாலேயே கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில்தான் அப்பாவின் பின்சீட் நினைவுக்கு வந்தது.

அப்பா பாதி வாழ்க்கை டாக்சி ஓட்டியவர். மறந்துபோன குடை காலடியில் கிடக்கும், பர்ஸ் சீட் இடுக்கில் கிடக்கும். நேராகக் கிடக்கும் பொருள் எப்படி அங்கே வந்தது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?